கங்கைகொண்ட சோழபுரம்: கோயில் மட்டும் மிஞ்சிய தலைநகர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கங்கைகொண்ட சோழபுரம். அந்த ஊரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கோயிலில் ஆரம்பித்துக் கோயிலிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் ஏறக்குறைய 250 ஆண்டுகள் சோழப் பேரரசுக்குத் தலைநகராக இருந்த ஊர் அது. மதிலும் மாளிகையும் பெருவழியும் கடல் போன்ற ஏரியும் இருந்த இடம். போய்வந்தவர்களும் போக நினைப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கோயிலை விட்டு நகரத்தின் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்திருப்பேன். அது தெரிந்தே செய்வது.

தஞ்சாவூர் இருக்கும்போது முதலாம் ராஜேந்திரனுக்கு இன்னொரு தலைநகர் எதற்கு?

இதற்கு அவர் காரணம் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. ஆனால் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் ஓரளவு புரியும். தஞ்சாவூர் காவிரிப் படுகையின் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே படை கிளம்பினால் ஆறு ஆறாகக் கடந்து, கடைசியில் கொள்ளிடத்தையும் தாண்டியாக வேண்டும். வெள்ளக் காலத்தில் கொள்ளிடம் லேசுப்பட்ட ஆறு இல்லை. ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன் காலத்திலேயே சோழர்களின் பெரிய சண்டைகள் பல வடக்கில், கன்னட நாட்டு மேலைச் சாளுக்கியரோடும், ஆந்திரக் கரையோர வேங்கி நாட்டு அரியணைத் தகராறிலும் நடந்தன. தொண்டை மண்டலமும் காஞ்சியும் வடக்கில்தான். ஆகவே கொள்ளிடத்துக்கு வடகரையில் ஒரு தலைநகர் என்பது படை நடத்துபவனுக்கு வசதியான ஏற்பாடு.

இன்னொன்றும் உண்டு. நஞ்சை நிலத்தின் நடுவில் பெரிய நகரத்தை விரிக்க வேண்டுமென்றால் விளைகிற வயலை அழிக்க வேண்டும். வடகரையில் மேட்டு நிலம், புன்செய், காடு. இடத்துக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். அந்தப் பஞ்சத்தைத் தீர்க்க அவர் செய்த வேலைதான், என் கணக்கில், கோயிலைவிடப் பெரிய சாதனை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்பாவின் ஊரில் அப்பா கட்டிய பெரிய கோயிலின் நிழலிலேயே எத்தனை நாள் இருப்பது என்ற எண்ணமும் இருந்திருக்கலாம். அரசர்களும் மனிதர்கள்தானே.

சோழப் படை உண்மையிலேயே கங்கை வரை போனதா?

போனது. சுமார் 1023-இல் முடிந்த படையெடுப்பு அது. போளூருக்குப் பக்கத்தில் திருமலை என்ற ஊர்க் கல்வெட்டிலும் மற்ற பல கல்வெட்டுகளிலும் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் வெற்றிகளைப் புகழ்ந்து சொல்லும் கல்வெட்டுப் பகுதி, தோற்ற அரசர்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறது. தண்டபுத்தியின் தர்மபாலன், தக்கணலாடத்து ரணசூரன், வங்காள தேசத்துக் கோவிந்தசந்திரன், கடைசியில் பால வம்சத்து மகிபாலன். இவர்களில் பலர் வங்காள வரலாற்றில் தனியாகவும் தெரிந்தவர்கள், ஆகவே இது வெறும் கற்பனைப் பட்டியல் இல்லை.

ஆனால் இரண்டு திருத்தங்கள் தேவை. ஒன்று, ராஜேந்திரன் கங்கைக்கு நேரில் போகவில்லை. போனது அவருடைய படைத்தலைவன். அரசர் கோதாவரிக் கரையில் காத்திருந்தார் என்றும், தோற்ற மன்னர்களைக் கொண்டே கங்கை நீரைச் சுமக்க வைத்து அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்கின்றன. செப்பேட்டு வடமொழிப் பகுதி அரசனைப் புகழ எழுதிய காவியம், ஆகவே தலையில் குடம் வைத்த காட்சியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டாவது, வங்காளத்தைச் சோழர்கள் ஆளவில்லை. போனார்கள், வென்றார்கள், நீரோடும் பொருளோடும் திரும்பினார்கள். மகிபாலன் அதற்கப்புறமும் ஆட்சி செய்துகொண்டுதான் இருந்தான்.

சோழகங்கம் என்பது என்ன?

நகரத்துக்காக வெட்டிய ஏரி. இப்போது அதன் பெயர் பொன்னேரி. வடக்கே வென்ற அரசர்கள் வழக்கமாகக் கல்லில் வெற்றித் தூண் நிறுத்துவார்கள். ராஜேந்திரன் 'கங்கை நீரால் ஆன வெற்றித் தூண்' ஒன்றை அமைத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு இந்த ஏரியைத்தான் சொல்கிறது. கங்கையிலிருந்து கொண்டுவந்த நீரை இதில் ஊற்றினார்களாம். சில குடம் நீர்தான் வந்திருக்கும். ஏரியை நிரப்பியது கொள்ளிடமும் வெள்ளாறும்.

19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் எழுதிவைத்த குறிப்பில் இதன் அளவு வருகிறது. தெற்கு வடக்காக ஓடும் கரை 16 மைல் நீளம், அதாவது சுமார் 25 கிலோமீட்டர். தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் நீளமான வாய்க்கால் ஒன்று வந்து சேர்ந்தது. வடக்கே வெள்ளாற்றிலிருந்து சின்னதாக இன்னொன்று. பல இடங்களில் உறுதியான மதகுகள். அந்தக் குறிப்பு எழுதப்பட்ட காலத்திலேயே ஏரி தூர்ந்து, உள்ளே காடு மண்டிக் கிடந்தது.

அறுபது மைல் வாய்க்காலைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏரி இருப்பது மேட்டு நிலத்தில். அங்கே ஆற்று நீர் தானாக ஏறிவர வேண்டுமென்றால், ஆற்றின் மட்டம் அதைவிட உயரமாக இருக்கும் இடம் வரை மேற்கே போய் அங்கிருந்து வாய்க்கால் எடுக்க வேண்டும். வழி நெடுக வாட்டம் கெடாமல் வெட்டிவர வேண்டும். கொஞ்சம் அதிகமாகச் சரிந்தால் ஏரி மட்டத்துக்குக் கீழே போய்விடும், சரிவு போதாவிட்டால் வண்டல் தங்கிவிடும். கோயில் விமானத்தை, அதாவது கருவறைக்கு மேலே எழும் கோபுரத்தை, கட்டிய சிற்பியைப் புகழ்கிறோம், சரி. இந்த வாய்க்காலுக்கு மட்டம் பார்த்தவனையும் சேர்த்துப் புகழலாம்.

வீராணம் ஏரியும் சோழகங்கமும் ஒன்றா?

இல்லை. வீராணம் காட்டுமன்னார்கோயில் பக்கம் இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தது. வீராணம் என்ற பெயருக்கு மூலமான வீரநாராயணன் என்பது அவனுடைய பட்டப்பெயர். சோழகங்கத்தைவிட நூறு ஆண்டு மூத்தது. இன்றும் தண்ணீரோடு உயிராக இருக்கிறது, சென்னைக்குக் குடிநீரும் அனுப்புகிறது. பெரியது என்பதாலும் இரண்டும் அக்கம்பக்கத்தில் இருப்பதாலும் குழப்பம் வருகிறது.

நகரம் எப்படி அமைந்திருந்தது?

கல்வெட்டுகளில் வரும் பெயர்களை வைத்தே ஓரளவு வரைந்துவிடலாம். வெளி மதிலுக்கு ராஜேந்திர சோழன் மதில் என்று பெயர். உள்ளே உட்படைவீட்டு மதில். வெளி மதில் கல்லால் ஆனதில்லை. இரண்டு செங்கல் சுவர்களை எழுப்பி, நடுவில் மணலை நிரப்பியிருந்தார்கள். கிழக்கு வாயில் திருவாசல். தெற்கே வேம்புகுடிக்குப் போகும் வாயில் வேம்புகுடி வாசல். ராஜராஜன் பெருவழி, ராஜேந்திரன் பெருவழி என்ற நெடுஞ்சாலைகள் இருந்தன. எனக்குப் பிடித்த பெயர் 'குழையானை போன பெருவழி'. எந்த யானை, எப்போது போனது என்பதெல்லாம் போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

அதைவிட எளிய வழி, சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களைக் கேட்பது. கோட்டைக்குள் இருந்த பகுதி உட்கோட்டை. அரசனின் மெய்க்காவலர் குடியிருந்ததாகச் சொல்லப்படும் மெய்க்காவல்புத்தூர். ஆயுதங்கள் இருந்ததாகச் சொல்லப்படும் ஆயுதக்களம். கட்டடத்துக்குச் சுண்ணாம்பு சுட்டதாகச் சொல்லும் சுண்ணாம்புக்குழி. அப்புறம் கடாரங்கொண்டான், வீரசோழபுரம். சில பெயர்களுக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் விளக்கம் பிற்காலத்தில் பொருத்திக்கொண்டதாகவும் இருக்கலாம். இருந்தாலும் இத்தனை பெயர்களும் ஒரே வட்டாரத்தில் திரண்டு கிடப்பது தற்செயல் இல்லை.

அரண்மனை எங்கே?

கோயிலிலிருந்து சுமார் 2 கிலோமீட்டரில் மாளிகைமேடு என்ற இடத்தில். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1980-இல் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. பிறகு பல கட்டங்களாக நடந்து, 2021 முதல் மீண்டும் தோண்டினார்கள். கிடைத்தவை செங்கல் சுவர்கள், ஏராளமான கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், கண்ணாடி வளையல் துண்டுகள், தந்தப் பொருள்கள், சீனப் பீங்கான் உடைசல்கள், செப்புக் காப்பு.

'சோழ கேரளன் திருமாளிகை' என்ற பெயர் கோயில் கல்வெட்டிலேயே வருகிறது. ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் அங்கே வீற்றிருந்து ஆணையிட்டதாக 1068-ஐச் சேர்ந்த அவனுடைய நீண்ட கல்வெட்டு சொல்கிறது.

கோயில் இப்படி நிற்கும்போது அரண்மனை மட்டும் ஏன் தரைமட்டமானது?

கட்டிய பொருள்தான் காரணம். இறைவனுக்குக் கருங்கல், அரசனுக்குச் செங்கல்லும் மரமும் ஓடும். தமிழ்நாட்டில் அன்று அதுதான் வழக்கம். அதனால்தான் பாண்டியர், பல்லவர், சோழர் என்று எந்த வம்சத்தின் அரண்மனையும் நமக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. மரம் மக்கிப்போகும் அல்லது எரியும். ஓடு சரியும். செங்கல்லை, பின்னால் வந்தவர்கள் வீடு கட்ட எடுத்துப் போவார்கள். மாளிகைமேட்டிலும் அப்படிச் செங்கல் தோண்டியெடுத்தது நடந்திருக்கிறது. ஆணியும் உடைந்த ஓடும் அத்தனை கிடைப்பதைப் பார்த்தால், மேலே எவ்வளவு மரவேலை இருந்திருக்கும் என்று கணிக்கலாம்.

அங்கே போய்விட்டு 'ஒன்றுமே இல்லையே' என்று திரும்புகிறவர்கள் அதிகம். முழங்கால் உயரச் சுவர்களைப் பார்க்க ஆசை இல்லாதவர்கள் போகாமலே இருக்கலாம், அதில் தப்பில்லை.

சீனப் பீங்கான் இங்கே எப்படி வந்தது?

கடல் வழியாக. சோழர்கள் சீனாவின் சோங் அரசவைக்கு மூன்று முறை தூது அனுப்பியதைச் சீன ஆவணங்கள் பதிவு செய்திருக்கின்றன: 1015, 1033, 1077. கடைசித் தூதுக்குழுவில் 72 பேர் இருந்தார்கள். அந்தக் கடல் வழியின் நடுவில் உட்கார்ந்திருந்தது சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயம். 1025 வாக்கில் ராஜேந்திரனின் கப்பல் படை அந்த அரசின் துறைமுகங்களைத் தாக்கியது. மெய்க்கீர்த்தி அந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறது: மலையூர், இலங்காசோகம், மாப்பப்பாளம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடைசியில் கடாரம். கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. மாநக்கவாரம் நிக்கோபார். ஸ்ரீவிஜய அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டான். இதுவும் கங்கைப் படையெடுப்பு மாதிரிதான்: நிரந்தர ஆட்சிக்குப் போனதாகத் தெரியவில்லை, வணிக வழியில் யார் பெரியவர் என்று காட்டப் போனது.

கங்கை நீர், கடாரம், ஏரி, கோயில் எல்லாம் ஒரு பத்து இருபது ஆண்டுக்குள் நடந்தவை. புதிய தலைநகர் அந்த வேகத்தில் எழுந்த ஊர்.

ராஜேந்திரன் இறந்தது இங்கேயா?

இல்லை. 1044-இல் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துப் பிரம்மதேசத்தில். அரசி வீரமாதேவி அவரோடு உடன்கட்டை ஏறினாள் என்றும், அவள் நினைவாக அவளுடைய சகோதரன் தண்ணீர்ப் பந்தல் வைத்தான் என்றும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது.

அவருக்குப் பின் வந்தவர்களும் இங்கிருந்தே ஆண்டார்களா?

ஆமாம். ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன், அதிராஜேந்திரன் என்று வரிசை போகிறது. 1070-இல் அதிராஜேந்திரன் ஆட்சிக்கு வந்த சில மாதங்களில் குழப்பம் மூண்டு இறந்தான். அவனை அரியணையில் அமர்த்த மேலைச் சாளுக்கிய விக்கிரமாதித்தன் 'கங்காகுண்டம்' என்ற இந்த ஊர் வரை வந்ததாக அவனுடைய அவைக்கவி பில்கணன் வடமொழியில் எழுதியிருக்கிறார். அதாவது பகை நாட்டுக் கவிஞனுக்கும் தெரிந்த ஊராகிவிட்டது.

அதன்பின் வந்தவன் முதலாம் குலோத்துங்கன். தந்தை வழியில் கீழைச் சாளுக்கியன், தாய் அம்மங்காதேவி முதலாம் ராஜேந்திரனின் மகள். சுமார் ஐம்பது ஆண்டு ஆண்ட இவனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர் உண்டு. புலவர்கள் நகரத்தைக் கங்காபுரி என்று சுருக்கிப் பாடியது இந்தக் காலங்களில்தான்.

ஒரே ஊரில் அரசன் எப்போதும் இருந்தான் என்று நினைக்க வேண்டாம். பழையாறை, காஞ்சி, தஞ்சாவூர் என்று பல இடங்களில் மாளிகைகள் இருந்தன. அரசர்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள்.

கோயில் ஏன் தஞ்சைப் பெரிய கோயிலைவிடக் குட்டை?

தஞ்சை விமானம் சுமார் 66 மீட்டர், 13 நிலை. இங்கே சுமார் 55 மீட்டர், 9 நிலை. அப்பாவுக்கு மரியாதையாகக் குறைத்துக் கட்டினார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம் கிடையாது. உள்ளே இருக்கும் லிங்கத்தைத் தஞ்சையைவிடப் பெரிதாக வைத்ததை அந்தக் கதை மறந்துவிடுகிறது. அது சுமார் 13 அடி உயரம்.

வித்தியாசம் உயரத்தில் இல்லை, கோட்டில் இருக்கிறது. தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் விறைப்பாக ஏறும். இங்கே கோடு உள்வாங்கி வளைந்து மேலே போகிறது. சிற்பங்களிலும் கை தேறியிருக்கிறது. வடக்குப் பக்கத்துச் சண்டேச அனுக்கிரக மூர்த்தியை எல்லோரும் காட்டுவார்கள்: உமையோடு அமர்ந்த சிவன், காலடியில் பணிந்திருக்கும் சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். ராஜேந்திரன் தனக்கே இறைவன் முடிசூட்டுவதாகச் செதுக்க வைத்தான் என்று சில ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். அது ஊகம்தான், ஆனால் அந்தச் சிவனின் விரல்களைப் பார்த்தால் ஊகிக்கத் தோன்றும். பக்கத்திலேயே ஞான சரஸ்வதி. கருவூர்த்தேவர் இந்தக் கோயிலின் மீது பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது.

வேறு நாட்டுச் சிற்பங்கள் இங்கே இருக்கின்றனவா?

இருக்கின்றன. தோற்ற நாட்டிலிருந்து சிற்பங்களைக் கொண்டுவருவது அன்றைய வழக்கம். கோயிலுக்குள் ஒரே கல்லில் செய்த நவக்கிரகம் ஒன்று உண்டு. நடுவில் சூரியனாக விரிந்த தாமரை, சுற்றி எட்டுக் கிரகங்கள், கீழே ஏழு குதிரை பூட்டிய தேர், ஓட்ட அருணன். நம் கோயில்களில் ஒன்பது பேரும் ஆளுக்கொரு திசை பார்த்து நிற்கும் வழக்கத்துக்கு இது ஒத்துவராது. சாளுக்கிய நாட்டு வேலை என்பது பலரின் கருத்து. பக்கத்துச் செங்கமேட்டில் கலிங்கத்துச் சிவப்புக் கல் சிற்பங்கள் இருக்கின்றன.

இந்த வழக்கத்துக்கு எழுத்திலேயே சாட்சி வேண்டுமானால், ராஜாதிராஜன் மேலைச் சாளுக்கியரின் தலைநகரான கல்யாணபுரத்தை வென்று கொண்டுவந்த துவாரபாலகர் என்று பீடத்தில் பொறித்த சிலை தாராசுரத்தில் இருந்தது. இப்போது தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது.

நகரம் எப்படி அழிந்தது?

ஒரே நாளில் அழியவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாம் குலோத்துங்கன் மதுரையில் புகுந்து பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தான். பாண்டியர் அதை மறக்கவில்லை. 1216 வாக்கில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) கொளுத்தியதை அவனுடைய மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. 1279-இல் மூன்றாம் ராஜேந்திரனோடு சோழர் ஆட்சி முடிந்தது.

அரசன் போனதும் படை, அதிகாரிகள், மாளிகைப் பணியாளர் எல்லோரும் போகிறார்கள். அவர்களை நம்பிய வணிகரும் போகிறார்கள். மிக முக்கியமாக, அறுபது மைல் வாய்க்காலுக்கு ஆண்டுதோறும் தூர் வார ஆள் அனுப்ப யாரும் இல்லை. மேட்டு நிலத்தில் தண்ணீரை ஆணையிட்டுக் கொண்டுவந்த ஊர், ஆணையிட ஆளில்லாமல் வறண்டது. படையெடுத்து வந்த ஒரு சேனை ஏரியை உடைத்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. உடைத்தே இருந்தாலும், உடைப்பை அடைக்க அரசு இருந்திருந்தால் ஏரி பிழைத்திருக்கும். கோயிலில் பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகள் இருக்கின்றன, ஆகவே கோயில் மட்டும் தொடர்ந்து வழிபாட்டில் இருந்தது.

கோயில் கற்களைப் பெயர்த்து அணை கட்டினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே, இன்று அணைக்கரை என்று சொல்லும் இடத்தில், ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கீழணை எழுந்தது. அதற்குக் கல் தேவைப்பட்டபோது பக்கத்தில் சும்மா நிற்பதாகத் தெரிந்தது இந்தக் கோயிலின் சுற்றுமதில். மதிலை ஏறக்குறைய முழுவதும் பெயர்த்தார்கள். சிற்பக் கற்களும் போயின. ஊர் மக்கள் தடுத்துப் பார்த்தார்கள் என்றும், பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கு நிறைவேறவில்லை என்றும் ஆங்கிலேயரின் குறிப்பே ஒப்புக்கொள்கிறது.

காட்டனைத் திட்டுவது சுலபம். அந்தக் கீழணையால் பாசனம் பெற்ற நிலமும் கொஞ்சநஞ்சமில்லை, வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் போவதும் அங்கிருந்துதான். ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாததற்கு எந்தப் பாசனக் கணக்கும் சமாதானம் ஆகாது.

கோயில் வளாகத்துச் சிங்கக் கிணற்றில் கங்கை நீர் இருக்கிறதா?

ராஜேந்திரன் கங்கை நீரை அதில் ஊற்றியதாக நம்பிக்கை. சிங்கத்தின் வயிற்றுக்குள் நுழைந்து படியிறங்கும் அமைப்பு குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அந்தச் சிங்கம் சுதைவேலை, கோயிலைவிட மிகப் பிந்தியது. செப்பேடு சொல்வது ஏரியைத்தான்.

உலக மரபுச் சின்னம் என்ற தகுதி எப்போது கிடைத்தது?

தஞ்சைக்கு 1987-இல். 2004-இல் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் சேர்த்தார்கள். அந்தத் தகுதி கோயில்களுக்கு. மாளிகைமேடும் ஏரியும் அதில் இல்லை. 2025 ஆடித் திருவாதிரையன்று, ராஜேந்திரன் பிறந்த நட்சத்திர விழாவில் பிரதமர் கலந்துகொண்டு அவர் நினைவாக நாணயம் வெளியிட்டார்.

எப்போது போகலாம், எந்த வரிசையில் பார்க்கலாம்?

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாக வந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஐப்பசிப் பௌர்ணமியில் அந்தப் பெரிய லிங்கத்துக்கு அன்னாபிஷேகம் நடக்கும். மூட்டை மூட்டையாகச் சோறு வடித்துச் சாத்துவார்கள், கூட்டமும் அப்படியே. நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

வரும் வழியில் அணைக்கரையில் பத்து நிமிடம் இறங்கி, பெயர்த்த கல்லெல்லாம் எங்கே போனது என்பதைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் கோயில். வெயில் ஏறும் முன் மாளிகைமேடு. சாயங்காலம் பொன்னேரிக் கரை. வழி கோயிலில் கேட்டாலே சொல்வார்கள். மழைக்காலம் முடிந்த மாதங்களில் போனால் ஏரியில் கொஞ்சமாவது தண்ணீர் பார்க்கலாம், மற்ற நாளில் கரை மட்டும்தான்.